உதட்டில் ஓடும் பாடம்

மூன்றாம் வகுப்பின் சன்னல் வெயிலில் புத்தகத்தை விரித்தபடி தனப்பிரியா நிற்கிறாள். உதடுகள் அசைகின்றன; குரல் வரவில்லை. "ஏன் சாமி, மீனாட்டம் வாயை மட்டும் அசைக்கிற? ஒரு எழுத்துகூடத் தெரியல. போயி ஒண்ணாப்புல உக்காரு," என்கிறார் டீச்சர். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தங்கை மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டிலோடு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக வாசலில் நிற்கும் அக்கா தீபிகாவுக்கு உடம்பு பற்றி எரிகிறது. நாள் முழுக்க விசைத்தறி இரைகிற அவர்கள் வீட்டில் குரலெடுத்துப் பேசிப் பயனில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். தனப்பிரியா படித்ததும் அப்படித்தான். அந்த உதடுகளில் பாடம் முழுவதும் ஓடியதைத் தீபிகா பார்த்தாள். தங்கை தலைகுனிந்து பையை எடுக்கிறாள். யாரிடமும் வாய் திறக்காத தீபிகா உள்ளே நுழைகிறாள். "அவ முழுசாப் படிச்சுட்டாளுங்க டீச்சர். எங்க ஊட்டுக்கு வந்து பேசிப் பாருங்க. உங்க சத்தமும் கேக்காதுங்க."