சுவரில் ஒரு கைப்பிடி

பக்கவாதம் வந்த கணவர் தேவசகாயம் பிடித்து நடப்பதற்காக, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஞானசெல்வி சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பொருத்தினாள். துளை போட்டு முடிப்பதற்குள், உள்ளே நடப்பதையெல்லாம் சுவர்களால் பதிவு செய்யும் அந்த வீடே நகராட்சிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. மறுநாள் நகராட்சி ஆள் வந்து கழற்றினான்.

"ஒரு கம்பிக்குமாப்பா அனுமதி?"

"மாட்டின பிறகும் கேக்கலாம்மா. ஆனா உத்தரவு வர்ற வரைக்கும் வீடு பழைய பிளான்படிதான் இருக்கணும்."

விண்ணப்பித்தாள். உத்தரவு வரும்வரை அவர் எழும்போதெல்லாம், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, கம்பி இருந்த இடத்தில் தானே நின்று தோளைக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்து உத்தரவு வந்தது. வீடுதான் வாசித்தது: "கம்பி தேவையில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பிடிமானம் இருப்பதாகச் சுவர் பதிவு செய்துள்ளது. அது பிளானில் சேர்க்கப்பட்டது."

ஞானசெல்வி தோள் வலிக்கு டாக்டரைப் பார்க்கலாமென்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவை இழுத்தாள். திறக்கவில்லை.

"பிளானில் உள்ளதை அகற்ற முன் அனுமதி வேண்டும்," என்றது வீடு.

உள்ளேயிருந்து தேவசகாயம் கூப்பிட்டார்.

"செல்வி, கொஞ்சம் வந்து நில்லும்மா."