இரவல் கட்டில்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, என் கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லணும். இதைக் கேட்கக் கூடாத ஆள் கதை நடக்கிற வீட்டுக்குள்ளேயே இருக்கு.

கதீசும்மா அடுப்படியிலிருந்து உள்ளறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு வெள்ளை மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, கஞ்சியில் போட்டு, தடம் தெரியாமல் கலக்கினாள். விரலில் ஒட்டிய பொடியை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். இனித்தது.

"கதீசா, என்ன இவ்வளவு நேரம்? இப்பதான் நெல்லு விதைக்கிறியா?" உள்ளேயிருந்து கணவர் அலவிக்குட்டியின் குரல்.

"அறுத்தே முடிச்சாச்சு. நீங்க வாயை மட்டும் திறங்க."

அவள் காலடி நெருங்கியதும் அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துக் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். என்ன குடிக்கிறோம் என்று மனுஷருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

மழைக்கு முன்னால் இரண்டு பேரும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அவளுக்கு வயிற்று வலி, அவருக்கு விடாத இருமல். மகள் ரைஹானத்துதான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, உம்மாவைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"உனக்கு வெறும் குடல்புண்ணு. வாப்பாவுக்குத்தான்... புற்று. கடைசிக் கட்டமாம். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே உம்மா."

அந்த நோயின் பேரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கதீசும்மாவின் தங்கை அதில்தான் போனாள், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறிக்கொண்டு. அடக்கம் முடிந்த அன்று கதீசும்மா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எனக்கு இது வந்துச்சுன்னு தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரமாட்டேன். கொல்லையில கிணறு இருக்கு." சொன்னால் செய்கிறவள்தான் அவள்.

இப்போது தொழுகைப் பாயில் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான். "படைச்சவனே, அவரை வலியில்லாம அனுப்பிவச்சுட்டு அப்புறம் என்னை எடு. முந்தி எடுத்துடாதே. இந்த மனுஷனுக்கு ஒரு சுலைமானி டீ போட்டுக்கூடக் குடிக்கத் தெரியாது."

தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிற வலி தணிப்பு மையத்து ஜீப் அன்றும் தெரு வளைவிலேயே நின்றது. நோயாளிக்கு விஷயம் சொல்லாத வீடுகளின் முற்றத்துக்கு, பேர் எழுதிய அந்த வண்டி வராது. கொஞ்ச தூரம் நடந்துதான் வருவார்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கிற இரும்புக் கட்டிலையும் அப்படித்தான் தோளில் சுமந்து வந்து, ஜன்னலோரம் போட்டு, அலவிக்குட்டிக்கு இரவலாகத் தந்திருந்தார்கள்.

நர்ஸ் பிரசீதா செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "உம்மா, ராத்திரி தூங்கினீங்களா? வயிறு ஒழுங்காப் போகுதா?"

"என்னை ஏன் கேக்குறே? ஆளு அங்கே கிடக்குது."

"பாத்துக்கிற ஆளு படுத்துட்டா நாங்க யாரை நம்பி வர்றது? படுங்க, வயித்தைப் பாக்கறேன்."

அவள் விரல்கள் ஓரிடத்தில் அழுத்தி, அங்கேயே நின்றன. ஜாக்கெட் எவ்வளவு தொளதொளவென்று ஆகிவிட்டது என்று பார்த்தாள். குடல்புண்ணுக்கு என்று தருகிற மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாள்.

"வேப்பங்காய் தோத்துடும் இதுக்கு," என்றாள் கதீசும்மா. "அவருக்கு மட்டும் இனிப்பு, எனக்குக் கசப்பு. நல்லா ஓரவஞ்சனை பண்றே, மோளே."

பிரசீதா எப்போதும் சிரிக்கிறவள். அன்று சிரிக்கவில்லை.

கதீசும்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறைக்காம சொல்லு. நெருங்கிடுச்சா?"

பிரசீதா ஜன்னலைப் பார்த்தாள். "வலி இல்லாம பாத்துக்குவோம் உம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

நர்ஸ் கைகழுவத் தண்ணீர் எடுக்கக் கதீசும்மா கொல்லைக்குப் போனாள். மழையில் கிணறு நிரம்பி, கருப்பாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. வாளியை இறக்கும்போது அடிவயிற்றில் ஒரு வலி பாய்ந்தது. கயிறு நழுவி ஓட, கண் இருட்டி, கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்தாள்.

"கதீசா!"

முற்றத்தைக் கடந்து வெறுங்கால்கள் ஓடி வந்தன. மரக்கடையில் கட்டை தூக்கிப் பழகிய இரண்டு கைகள் அவளைப் பிடித்து இழுத்து, ஒரே மூச்சில் வாரி எடுத்தன. தேங்காயெண்ணெய் வாசம். அவருடைய வாசம்.

அவளுக்குக் கண் திறக்கவில்லை. காது மட்டும் திறந்திருந்தது. பின்கட்டுக்குப் போக என் தோளைப் பிடிக்கிற மனுஷன் இப்படி ஓடுவாரா? மூச்சு வாங்கவில்லையே, ஒரு இருமல்கூட இல்லையே என்று நினைத்தாள்.

உள்ளே வந்து அவர் தடுமாறி நின்றார். "பாயை விரி, பாயை விரி," என்றார் யாரிடமோ.

பிரசீதா பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"நடிச்சது போதும், அலவிக்கா. கட்டில் இனி உம்மாவுக்கு வேணும்."

உங்க வீட்டுக் கட்டிலெல்லாம் நல்ல தூக்கத்துக்கு மட்டுமே ஆகட்டும், என் கண்ணுகளா.