படூர் அத்தைக்குக் காய்ச்சல்

“அறுநூத்தி நாப்பது ஊரு மச்சான்! ஒரு டீ ஆறதுக்குள்ள பிரிச்சுப் போட்டுட்டேன். ஒண்ணு தப்பில்ல. இத்தினிக்கும் ஒரு எழுத்து படிக்கல!”

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடையில் தணிகைவேல் இப்படிச் சொன்னதைக் கடை பாய்லர்கூட நம்பவில்லை. புஸ்ஸென்று ஒரு தரம் சீறிவிட்டு அடங்கியது. மகாபலிபுரம் பஸ் கண்டக்டரும், அவன் மனைவி சொர்ணத்தின் அண்ணனுமான தாமோதரன் வாயிலிருந்த விசிலை எடுத்தான்.

“உடாத மச்சான். ஏழு வருசமா டிக்கெட் கிழிக்கிறேன், எனுக்கே பாதி ஊரு தெரியாது. படிக்காத எப்புட்றா பாஸ் பண்ணே?”

தபால் பிரிக்கும் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்தப் பரீட்சையைத் தாண்டியாக வேண்டும். எந்த ஊர்க் கடிதம் எந்தத் தபாலாபீசுக்குப் போகும் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்ல வேண்டும். பின்கோடு வந்து இரண்டு வருஷமாகிறது. அதை எழுதுகிற புண்ணியவான் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. இன்று காலை ஒட்டிய பட்டியலில் தணிகைவேலின் பெயர்தான் முதலில்.

பார்த்தவன் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டாமோ? இங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். வீட்டில் சொர்ணம் கேசரி கிண்டிக்கொண்டிருப்பாள். ‘நான் எழுதின அட்டையாலதானே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைத் தின்பது?

கல்யாணமாகி ஆறு மாதம். பெண் வீட்டுக்கென்று தணிகைவேல் வீட்டில் அடித்துக் கொடுத்த பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் அப்படியே மீந்திருந்தது. ஐப்பசி மழையில் எங்கே போய்க் கொடுப்பது என்றாள் சொர்ணம். அதைத்தான் தபால்தலை அகலத்துக்கு வெட்டி அறுநூற்று நாற்பது அட்டை செய்தாள். முன்னால் ஊர், பின்னால் தபாலாபீஸ்.

பெட்டியும் அவளுடையதுதான், அஞ்சறைப்பெட்டி. கடுகு அறை அட்டைகளைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னது மிளகு அறைக்குப் போகும். அப்புறம் சீரகம், வெந்தயம்; அறை மாற மாற இடைவெளி கூடும். மஞ்சள் அறைக்குப் போய்விட்டால் மாதத்துக்கு ஒரு தரம் போதும். தப்பினால் மறுபடி கடுகு.

முதல் வாரம் ஜோராகப் போயிற்று. ஒருநாள் தலைவலி என்று விட்டான். முப்பது அட்டை அறுபதாயிற்று. மறுநாள் சினிமா, நூற்றைத் தொட்டது. பத்தாம் நாள் கடுகு அறை ஏரி மாதிரி நிரம்பி வழிய, குழம்பில் தாளித்த கடுகைக் கண்டாலே அவனுக்கு வியர்த்தது.

அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி தோன்றியது. அன்றன்றைய அட்டையை நூலால் கட்டிச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்புவாள் சொர்ணம். சாயங்காலம் இவன் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அதை மஞ்சள் அறையில் போட்டுவிட்டு, “எல்லாம் ஆச்சு” என்பான். “ரொம்ப சந்தோசங்க” என்று அவளும் சோறு போடுவாள்.

“அடப்பாவி!” என்றான் தாமோதரன். “அப்ப வூட்டுல இன்னாதான் பண்ணிகினு இருந்தே?”

“உன் தங்கச்சி உட்டாதானே? அன்னிலேர்ந்து சோத்துல கை வெச்சா போதும், உங்க ஜனத்து கதைதான். படூர்ல அத்தைக்குக் காய்ச்சலாம், கார்டு போட்டா எந்த ஆபீசுக்குப் போவும்னா. திருப்போரூர்னேன். இல்லீங்க, கேளம்பாக்கம்னு இல்ல சொல்றாங்கன்னா. மறுநாளும் மறந்துபோயி திருப்போரூர்னே சொன்னேன். தெனமும் வந்துச்சு மச்சான் அந்தம்மா! காய்ச்சலு, கால்ல முள்ளு, கன்னுக்குட்டி காணோம். ஒரு நா கரெக்டா கேளம்பாக்கம்னேன். ரெண்டு நாளு பேச்சே இல்ல. அப்பால வாரத்துக்கு ஒருதபா. இப்ப மாசத்துக்கு ஒருதபாதான் தும்முது.”

படூரோடு நின்றதா? வேடந்தாங்கலில் அப்பாசாமி மாமா, திருவிடந்தையில் மாரியம்மா சித்தி. சொர்ணத்தின் சொந்தத்தை மட்டும் எண்ணினால் தனியாக ஒரு சட்டசபைத் தொகுதி ஒதுக்கலாம். ஆனாலும் அவள் கெட்டிக்காரி. ஒரு நாளைக்கு முப்பது பேர்தான், முப்பத்தொன்றாவது ஆள் வாய்க்கு வரமாட்டார்.

“ஒரு நா எரிஞ்சு வுழுந்துட்டேன். ‘உன் ஜனத்துக்கு வேற பொழப்பே இல்லியா’ன்னு. அழுவல மச்சான். தண்ணி மோந்து குடுத்துட்டு, அடுத்த ஆள ஆரம்பிச்சா.” தணிகைவேல் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். “அவ ராவெல்லாம் எழுதின அட்டையையும் ஏமாத்திட்டேன், அவ சொந்தத்தையும் திட்டிட்டேன். எவனோ செஞ்ச புண்ணியத்துல பாஸாகி, அவ கையால கேசரி திங்கணுமா?”

தாமோதரனின் டீ கிளாஸ் உதட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவே நின்றுவிட்டது.

“முடிவு பண்ணிட்டேன்,” என்றான் தணிகைவேல். “உண்மைய சொல்லிட்டு, அவள இட்டுகினு ஊரூரா போயி அத்தினி பேரையும் பாத்துட்டு வரப்போறேன். பாவம், ஒருத்தருகூட இன்னும் நம்ம வூட்டு வாசப்படி மெதிக்கல. மொதல்ல படூர் அத்தை. உன் பஸ்ஸு அந்தப் பக்கம் போவுமா?”

டிரைவர் இரண்டாவது ஹாரனும் அடித்துவிட்டார். தாமோதரன் எழுந்திருக்கவில்லை.

“நீ அட்டைய தொடலன்றது நெசந்தான், ஒத்துக்கறேன். ஆனா எங்களுக்கு ஏது மச்சான் அத்தை? அவளுக்கு நானு, எனுக்கு அவ, அவ்ளோதான் எங்க ஜனம்!”