மூதூருக்குப் போகிற பிள்ளை

கடைக்குட்டிக்கு இன்றைக்குக் கல்யாணம். வீடு முழுக்க ஒரே ஆரவாரம். றுக்கியாவுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவது தரமாக உடுப்புப் பெட்டியைத் திறந்து, மறந்துபோன சவர்க்காரத்தை உள்ளே வைத்தாள்.

"போற வீட்டில வெள்ளன எழும்பணும். மாமிக்கு முன்னால காலை நீட்டிட்டு இருக்கப்படாது. கறியில உப்பு இல்லாட்டியும் வாய் திறக்கப்படாது, விளங்கினதா?"

"ஓம் உம்மா! மூதூர் என்ன வெளிநாடா? கடலுக்கு அங்கால தெரியுதே!"

"தெரிஞ்சா போதுமா? இனி அதுதானே உன்ட வீடு!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது.

"நேரம் போகுது, மாப்பிள்ளையை ஏத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிய அப்ராஸ், தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு உம்மாவைக் கட்டிப்பிடித்தான்.

பெட்டியைத் தூக்கிய அன்ஸார் மகனின் காதருகே குனிந்தார்.

"பயப்படாத மகன். நம்மட வழக்கத்தில மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்குப் போகணும். நான் மாப்பிள்ளையா இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை, கிணத்தடியில ஒளிச்சிருந்து அழுதனான். உம்மாக்குச் சொல்லிடாத!"

முப்பது வருடங்களாக மறைத்து வைத்த அந்த அழுகை, பக்கத்தில் நின்ற றுக்கியாவுக்கு இப்போது நன்றாகவே கேட்டது.