பக்கத்துக் கட்டில் முட்டை

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் செவந்தி சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புண் ஆறிவிட்டது, குளத்தூருக்கு பஸ் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

சேவுகனுக்குப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இருபது நாளாக அவளை ஏமாற்றியிருக்கிறான்.

மூத்திரப்பையைக் கீறி முட்டை அளவு கல்லை எடுத்த டாக்டர், முட்டையையே தின்னச் சொன்னார். எலும்பும் தோலுமான உடம்பில் தையல் எப்படிக் கூடும், இப்படியே கிடந்தால் ஆள் தேறாது என்றார்.

அறுத்த புண்ணுக்கு முட்டை ஆகாது, சீழ் வைக்கும் என்பது சேவுகன் ஊர்ப் பத்தியம். செவந்தி அவித்துக் கொண்டுவந்த முட்டையை ஜன்னல் வழியே வீசினான். புருசனைக் கொல்லப் பார்க்கிறாயா என்று வேறு கேட்டான். அவள் அழுதாள். மறுநாளிலிருந்து காலை பஸ்ஸில் கஞ்சியும் சுட்ட பூண்டும்தான் வந்தன.

பக்கத்துக் கட்டில் ஆத்மநாதன் அறந்தாங்கியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அதே ஆபரேஷன்தான். ஆனால் அவருக்குத் தொந்தியே வினை. அது இழுத்துத் தையல் ஒருதரம் விட்டுப்போயிருந்தது. வாயைக் கட்டச் சொல்லியிருந்தார் டாக்டர்.

கஞ்சி வந்த முதல் நாளே, செவந்தி பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அவர் ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"முட்டைங்க. வீட்டுல குடுத்து விட்டுட்டாக. நீங்க திங்காட்டி நான் தின்னுருவேன், என் தையல் மறுபடி விட்டுரும்."

நல்ல மனுசன் சாகக்கூடாதே என்று சேவுகன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மறுநாளும் விழுங்கினான். சீழ் வைக்கவில்லை. அப்புறம் தினமும் அந்த நேரத்துக்குக் கை தானாக நீண்டது.

பொட்டலத்தை விரல்நுனியில் பிடித்து நீட்டும்போதெல்லாம் ஆத்மநாதன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், ஆசையை அடக்குகிறார் என்று இவன் உருகிப்போவான்.

இன்று ஆத்மநாதனின் மனைவி வந்திருந்தார். சேவுகன் அவரைக் கும்பிட்டு, உங்கள் வீட்டு முட்டைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது என்று மெதுவாகச் சொன்னான்.

அந்த அம்மாள் பதறிவிட்டார். "சிவ சிவா! நாங்க சைவம். முட்டை எங்க வாசப்படி ஏறுனதே இல்லைங்க."

ஆத்மநாதன் போர்வையை அவசரமாகத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

சேவுகன் திரும்பினான். செவந்தி ஏற்கெனவே போட்ட முடிச்சையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கோழி அடை வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"இந்தத் தடவ முட்டை மிஞ்சலைங்க" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.