எடைக்கு எடை வெல்லம்

தட்டு எழும்பவில்லை.

மலைக்கோயில் துலாபாரத்தில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தட்டில் வெல்லம். முப்பது கிலோச் சிப்பம் இரண்டு, மேலே பன்னிரண்டு கிலோ. ஆக எழுபத்திரண்டு.

அவள் சொன்ன எடை அதுதான்.

பச்சைப் பொய்.

எழுபத்திரண்டு என்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. குடலில் புண் வந்து நாலு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தாள். பிழைத்து எழுந்தால் அவள் எடைக்கு எடை வெல்லம் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டான் கணவன் வெள்ளிங்கிரி.

பிழைத்தாள். தொண்ணூற்றைந்தாகப் போய் எழுபத்திரண்டாக வந்தாள்.

இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய் என்றது ஊர். சாகக் கிடந்து எழுந்தவளிடம்! என்ன ஜென்மங்களோ.

பிறகு எடை திரும்பி வந்தது.

ராகிக் கூழ் குடித்தாள், வந்தது. ராத்திரிச் சோற்றை விட்டாள், வந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள். அப்போதும் வந்தது.

"வாயக் கட்டத் தெரியோணும்" என்பாள் வெள்ளிங்கிரியின் அக்கா ருக்குமணி. ஒரு விசேஷம் விடமாட்டாள்.

பத்துப் பேர் சொன்னால் பொய்யும் மெய்யாகிவிடுகிறது. தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்று ஒரு வாரம் சமையலறையைப் பூட்டிக்கூடப் பார்த்தாள்.

வேண்டுதலை ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவளும் அவள்தான். இனித் தள்ள முடியாது என்றானபோது, எத்தனை கிலோ வாங்கட்டும் என்று கேட்டான் வெள்ளிங்கிரி. வாயில் பழைய எண்தான் வந்தது.

இப்போது பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"கடைக்காரன் எடை கொறைச்சுப் போட்டுட்டானா?" என்றாள் ருக்குமணி. மண்டபத்துக்கே கேட்டது. "இல்ல, அம்மிணிதான் கொறைச்சுச் சொல்லீட்டாளா?"

வெள்ளிங்கிரி வெல்லத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.



தராசுக்காரர் அவள் காதருகே குனிந்தார். வயதான மனுஷர், இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

"காலை வெச்சு லேசா அமுத்திக்கறேனுங்க. கொறையறவங்களுக்கெல்லாம் செய்யறதுதான். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் பதில் சொல்வதற்குள் வெல்லத் தட்டின் விளிம்பில் அவருடைய கால் ஏறிவிட்டது.

அவள் எழும்பினாள். தரையிலிருந்து ஒரு சாண்.

வரிசையில் யாரோ அரோகரா என்றார்கள். வெள்ளிங்கிரி கண்ணை மூடிக் கும்பிட்டான்.

முடிந்தது. இறங்கிப் போய்விடலாம்.

போன வாரம் பார்த்த டாக்டரம்மா நினைவுக்கு வந்தாள். சின்ன வயசுக்காரி. திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனால், அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"குண்டா இருந்த நாளை உங்க கொழுப்புச் செல்லு மறக்கலீங்க. ஜீன் மாறாது. ஆனா எதைத் தொறக்கோணும், எதை மூடோணும்னு அது மேல குறி இருக்குமுங்க. எளைச்சாலும் அதுல கொஞ்சம் அழியறதில்லைன்னு இப்பப் பார்த்திருக்காங்க. எடை திரும்பி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நீங்க திருடித் தின்னீங்கன்னு யாரு சொன்னது?"

அங்கேயே அழுதாள். துக்கத்தில் அல்ல. தான் சொன்னதை ஒருத்தி நம்பிவிட்டாள், அதற்கு.

ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்தபடி ருக்குமணியைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். கும்பிட்டபடி நிற்கிற கணவனைப் பார்த்தாள். தன் உயிருக்காக வேண்டிக்கொண்டவன். அந்த உயிர் இருக்கிற உடம்பு இதுதானே.

"காலை எடுங்கண்ணா."

"அம்மா..."

"எடுங்க."

எடுத்தார். தொம்மென்று தட்டு தரையில் உட்கார்ந்தது.

"தொண்ணூத்தி மூணு" என்றாள். முதல் தடவை குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். "தொண்ணூத்தி மூணுங்க. இன்னும் இருபத்தியொரு கிலோ வேணும்."



அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. வெள்ளிங்கிரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"அட கிறுக்கே, இதைச் சொல்றதுக்கா ரெண்டு வருசம்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

வெல்லக் கடை அடிவாரத்தில் இருக்கிறது. போய்வர அரைமணியாவது ஆகும். அதுவரை ஓரமாக நில்லுங்கள் என்றார் தராசுக்காரர்.

"இங்கயே இருக்கறேனுங்க" என்றாள்.

தட்டிலேயே இருந்தாள். வரிசை அவளைப் பார்த்தது. அவளும் வரிசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசைக்குத்தான் சலித்துப்போனது. காற்று நன்றாக வந்தது. முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வசதியாக உட்கார்ந்தாள். எத்தனை வருடமாயிற்று, இப்படி வயிற்றை எக்கிப் பிடிக்காமல் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து!

வெள்ளிங்கிரி மூச்சு வாங்கியபடி தோளில் மூட்டையோடு வந்தான். வெல்லத்தை அவனே எடுத்து அடுக்கினான்.

தட்டு எழும்பியது. யாருடைய காலும் இல்லாமல்.

இறங்கியதும் தராசுக்காரர் வெல்லத்தில் ஒரு கட்டியை உடைத்துப் பிரசாதமாக அவள் கையில் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

ருக்குமணி வாயைத் திறந்தாள்.

"அம்மிணி, அதையும் தின்னுபோட்டீன்னா..."

அவள் கட்டியை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அந்தத் திறந்த வாயில் வைத்தாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் மென்றார்கள்.