ரிமோட் இல்லாமல் ஓடிய படகு

அந்த ஃபிளாட்டில் வெளியூர் போகிற யாரும் வீட்டுச் சாவியைச் சேர்மக்கனி அண்ணாச்சியிடம்தான் கொடுப்பார்கள். அவருக்கிருந்த மரியாதை முழுவதும் அவர் வீட்டு ஆணியில் தொங்கிய அந்தச் சாவிகளில்தான் இருந்தது. மூன்றாம் மாடி தேவசகாயம் சார் செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் சாவி கொடுத்தார். தன் கையால் செய்த ரிமோட் படகை எடுத்துப்போய்க் கடலில் விடச் சொல்லவில்லை. அண்ணாச்சி விட்டார். அலை கவிழ்த்துப்போட்டதில் படகுக்குள் உப்புத் தண்ணீர் நிறைந்துவிட்டது. சர்க்யூட்டை நல்ல தண்ணீரில் அலசி, தன் வீட்டு மேசைமேல் ஃபேனுக்கு நேராகக் காயவைத்தார். அதுவரைக்கும் சரி. நாளைக்கு வரவேண்டிய சார் இன்றைக்கே ஆட்டோவில் வந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அவருக்குப் பொறுமை போயிற்று. ஈரம் போயிற்றா என்றுகூடப் பார்க்காமல் பேட்டரியைச் செருகினார். ரிமோட்டைத் தொடவேயில்லை, படகின் பின்புற விசிறி தானாகவே சுழன்றது. வயரைப் பிடுங்கப் போனால் விரல் சுட்டது. அதற்குள் காலிங்பெல். அறைக்கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து வாசலைத் திறந்தார்.

“சாவி குடுங்க அண்ணாச்சி. உள்ள என்ன உறுமுது?”

“அதுவா சார், உங்க மைனி சட்னி அரைக்கா.”

“நிறுத்தாமலா?”

“தேங்கா முத்தல் சார்.”

தேவசகாயம் சார் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, தெரிந்த குரலைக் கேட்பவர்போல அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கையில் கறிவேப்பிலையோடு, அண்ணாச்சியின் மனைவி சொர்ணம் மைனி படியேறி வந்துகொண்டிருந்தாள்.